தலைகீழான ராணி

சதுரங்கப் புதிர் ஒன்றில் ராணி தலைகீழாக அச்சாகியிருந்தால் யாரும் அச்சுப்பிழை எண்டுதான் நினைப்பார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அது பிழையில்லை, ராணியும் இல்லை. அதன் பெயர் வெட்டுக்கிளி.

இங்கிலாந்தின் டி. ஆர். டோசன் (1889–1951) உருவாக்கிய காய் அது. ராணியின் கோடுகளில்தான் போகும். ஆனால் ஒரு காயைத் தாண்டி அதற்கு அடுத்த கட்டத்திலேயே இறங்க வேணும். தாண்ட ஆளில்லையெண்டால் அசையாது.

இதை எப்படி அச்சடிப்பது? ஈய அச்சுக் காலத்தில் ஆறு வகைக் காய், இரண்டு நிறம், இரண்டு நிறக் கட்டம் எண்டு 24 அச்சுகள், வெறுங்கட்டங்களோடு 26. ஒரு புதுக்காய் வந்தால் இன்னும் நாலு வார்க்க வேணும். புதிர்ப் பைத்தியங்களுக்காக யார் அந்தச் செலவு செய்வது? அதனால் இருக்கிற ராணியைக் கவிழ்த்தார்கள். ஒரே திசையில் தொடர்ந்து பாயும் 'இரவுக் குதிரை'க்குக் குதிரையைக் கவிழ்த்தார்கள். பக்கவாட்டில் திருப்பினால் மட்டும் ஒரு சின்னக் கரைச்சல்: கறுப்புக் கட்டத்தின் சாய்கோடுகளும் மற்றப் பக்கம் சாய்ந்துவிடும்.

கணினி வந்த பிறகு என்ன உருவமும் வரையலாம். எரிக் பென்ட்சென்னின் அல்பொன்சோ எழுத்துருவை அடியாக வைத்து டேவிட் ஹவ் 'அல்ஃபேரி' படத்தொகுதியைச் செய்தார். பிரச்சினை இப்போ பெயரில். கோப்புக்கு என்ன பெயர் வைப்பது? கோட்டையும் குதிரையும் சேர்ந்த காயை ஒருத்தர் சான்சலர் என்பார், இன்னொருத்தர் மார்ஷல், புதிர்க்காரர் எம்ப்ரஸ். ஓர் ஆட்டத்தின் பெயரை வைத்தால் மற்ற ஆட்டக்காரர் தேடிக் களைப்பார்கள். ஒற்றை எழுத்தும் உதவாது. ஆங்கிலத்தில் பெரிய 'என்' வெள்ளைக் குதிரை, சின்ன 'என்' கறுப்புக் குதிரை. விண்டோஸுக்கோ இரண்டும் ஒரே கோப்பு. போதாததுக்கு, புதிர்க்காரருக்கு அந்த எழுத்து இரவுக் குதிரை!

எங்களுக்குச் சரியாகப் படுவது, படத்துக்கு உருவத்தின் பெயரை வைத்துவிட்டு, அது எப்படி நகரும் என்பதை ஆட்டத்தின் விதியிலேயே விடுவது. 2019இல் யூனிகோட் 12.0 செய்ததும் அதுதான். அங்கே வெட்டுக்கிளி எண்டு ஒரு குறியே இல்லை. 'திருப்பிய ராணி'தான் இருக்கு. 'குதிரை-கோட்டை'யும் அப்படியே, பார்வைக்கு என்னவோ அதே பெயரில்.

வெட்டுக்கிளியையே வரைவது இப்போ லேசு. புதிர்க்காரர்கள் இன்னும் ராணியைத்தான் கவிழ்த்து வைக்கிறார்கள்.