ரயில் விளையாட்டுகளில் பொய் சொல்லாத சிக்னல்

ஐதராபாத்தின் பாலாநகரை ஒட்டி, ஃபதேநகர், பரத்நகர் நிலையங்கள் வழியே செல்லும் இருப்புப்பாதை, 1874இல் நிஜாம் அரசின் ஆதரவில் திறக்கப்பட்ட வாடி–சிக்கந்தராபாத் தடத்தைச் சேர்ந்தது. அதே தடத்தில், லிங்கம்பள்ளிக்கும் விகாராபாத்துக்கும் இடையே, 2022 மார்ச் 4 அன்று ‘கவச்’ கருவியின் செயல்விளக்கம் நடந்தது. எதிரே நின்ற எஞ்சினுக்கு 380 மீட்டர் முன்பாகவே மற்றோர் எஞ்சின் தானாக நின்றது. இவ்விரு ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட சிக்னல் வரலாறு ரயில் சிமுலேட்டர் விளையாட்டுகளில் எந்த அளவுக்குப் பதிவாகியிருக்கிறது என்பது ஆராயத்தக்கது.

நிறங்களைப் பொறுத்தவரை குறை குறைவே. 2001இல் வெளியான மைக்ரோசாஃப்ட் டிரெய்ன் சிமுலேட்டரில் இந்தியத் தடம் எதுவும் இல்லை; ஆர்வலர்களே பின்னர் அவற்றை உருவாக்கினர். சிவப்பு, மஞ்சள், இரட்டை மஞ்சள், பச்சை என்னும் நான்கு நிலைகளையும் கைகாட்டி மரங்களையும் உழைப்புடன் வரைந்தனர். விதிகளிடம் வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பல விளையாட்டுகளில் சிவப்பைக் கடந்தால் ஆட்டம் முடிந்தது. இந்திய ரயில்வேயிலோ, ‘ஏ’ என்ற எழுத்துப் பலகை தாங்கிய தானியங்கி சிக்னல் சிவப்பில் இருந்தால், லோகோ பைலட் பகலில் 1 நிமிடமும் இரவில் 2 நிமிடமும் நின்று, ஊதல் ஒலித்து, மிகுந்த எச்சரிக்கையுடன் மெல்ல முன்னேறலாம். ஒரே சிவப்பு, பலகை இருந்தால் ஒரு பொருள், இல்லாவிட்டால் வேறு பொருள். (மொழியியல் மாணவருக்கு இது புதிதன்று.)

இதனினும் ஆழமான இடைவெளி ஒன்று உண்டு. விளையாட்டில் சிக்னலின் நிறமும் தண்டவாளம் பிரியும் பாயின்டின் நிலையும் ஒரே கணினித் தரவிலிருந்து பிறக்கின்றன. ஆகவே அங்கே சிக்னலால் பொய் சொல்ல இயலாது. உண்மையான இருப்புப்பாதையில் அவை தனித்தனிப் பொருள்கள். அவை முரண்படாதபடி பிணைக்கும் ஏற்பாட்டுக்கு ஜான் சாக்ஸ்பி 1856இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அதுவே இன்டர்லாக்கிங். அர்மா விபத்தில் 80 பேர் மாண்ட பின்னர், 1889ஆம் ஆண்டுச் சட்டம் அதனைப் பயணிகள் தடங்களில் கட்டாயமாக்கியது. சிக்னலியலின் வரலாற்றில் பெரும்பகுதி, பொய்யான பச்சையைத் தடுக்கும் முயற்சியே.

அம்முயற்சி தோற்ற நாள் 2023 ஜூன் 2. ஒடிசாவின் பாகாநாகா பஜார் நிலையத்தில் கோரமண்டல் விரைவு ரயிலுக்கு முதன்மைத் தடத்துக்கான பச்சை காட்டப்பட்டது. பாயின்டோ கிளைத்தடத்தை நோக்கி அமைந்திருந்தது. அங்கே சரக்கு ரயில் நின்றுகொண்டிருந்தது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சிக்னல் மின்சுற்றை மாற்றியமைத்தபோது நேர்ந்த பிழைகளே காரணம் என ரயில் பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டது.

இத்தகைய முரண் நிகழ்வதற்கு வழக்கமான சிமுலேட்டரில் இடமே இல்லை. ‘கவச்’ கருவியும், சிக்னல் எந்த நிலையில் இருக்கிறது என்ற செய்தியை நிலையத்தின் இன்டர்லாக்கிங்கிலிருந்தே பெறுகிறது.