சூப்பர் ஹீரோவின் வீட்டில் இயேசு: நின்றுபோய் மீண்டு வந்த ஒரு காமிக்ஸ்

வானத்திலிருந்து இறங்கி வருகிறான் ஒருவன். மனிதர்களுக்கு இல்லாத பலம் அவனுக்கு. தீயவர்களை அடக்கி நல்லவர்களைக் காக்கிறான். இது தேவதூதனைப் பற்றிய வர்ணனையா, சூப்பர்மேனைப் பற்றியதா? இரண்டு பேருக்கும் பொருந்துகிறது அல்லவா! அமெரிக்க காமிக்ஸில் மதமும் சூப்பர் ஹீரோக்களும் அடிக்கடி சந்தித்துக் கொள்வதில் ஆச்சரியமில்லை.

1963-ல் மார்வெல்லின் எக்ஸ்-மென் முதல் இதழிலேயே சிறகுகளோடு 'ஏஞ்சல்' வந்துவிட்டான். ஆனால் பெயரில் மட்டும்தான் தேவதூதன். உண்மையில் அவன் பிறவியிலேயே மரபணு மாற்றம் கொண்ட பணக்கார வீட்டுப் பையன். நிஜமான தேவதூதனை 1997-ல் டிசி நிறுவனம் கொண்டுவந்தது. ஒரு பெண்ணின் மேல் காதல் கொண்டு, அமரத்துவத்தைத் துறந்து பூமிக்கு வந்து, ஜஸ்டிஸ் லீகில் சேர்ந்த ஸாரியல்தான் அவன். இவர்களுக்கிடையே, 1996-ல் வந்த 'கிங்டம் கம்' எதிர்காலத்தில் நடக்கும் கதை. பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் காட்சிகள் சூப்பர் ஹீரோக்களின் சண்டையோடு அதில் பின்னப்பட்டன.

இவையெல்லாம் தடையின்றி வெளிவந்தன. அப்படியானால் சிக்கல் எங்கே? இயேசுவே கதைக்குள் வரும்போதுதான்!

1954-ல் அமெரிக்கப் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே 'காமிக்ஸ் கோட்' என்ற விதிமுறையை வகுத்துக் கொண்டார்கள். எந்த மதத்தையும் கேலி செய்யக்கூடாது என்பது அதில் ஒரு விதி. ஆனால் டிசியின் 'ஸ்வாம்ப் திங்' 1980-களின் நடுவிலிருந்தே அந்த முத்திரை இல்லாமல்தான் வந்துகொண்டிருந்தது. 1989-ல் அதன் கதாசிரியர் ரிக் வீச், நாயகன் காலத்தில் பின்னோக்கிச் சென்று இயேசு சிலுவையில் அறையப்படும் நாளை அடைவதாக 88-ம் இதழை எழுதினார். முதலில் ஒப்புதல் கிடைத்தது. பிறகு நிறுவனம் பயந்துவிட்டது. முந்தைய ஆண்டுதான் இயேசுவைப் பற்றிய ஒரு ஹாலிவுட் படத்துக்குப் பெரும் எதிர்ப்பு எழுந்திருந்தது. இதழ் நிறுத்தப்பட்டது. வீச் வேலையை விட்டு விலகினார். அவருக்குப் பின் எழுதவிருந்த நீல் கெய்மனும் ஜேமி டெலானோவும்கூட மறுத்துவிட்டார்கள்.

சரியாக முப்பது ஆண்டுகள் கழித்து, அதே நிறுவனத்தில் அதே காட்சி!

மார்க் ரஸ்ஸல் எழுதி, ரிச்சர்ட் பேஸ் வரைந்த 'செகண்ட் கமிங்' 2019 மார்ச்சில் டிசியின் வெர்டிகோ பிரிவில் வரவிருந்தது. முதல் வருகையில் மகன் சிலுவையில் முடிந்ததில் கடவுளுக்கு வருத்தம். சன்ஸ்டார் என்ற சூப்பர் ஹீரோவிடம் பலத்தைப் பயன்படுத்தக் கற்றுக்கொள் என்று மகனை மீண்டும் அனுப்புகிறார். எதற்கெடுத்தாலும் முஷ்டியை நீட்டும் சன்ஸ்டாரும், அடிதடியால் எதுவும் தீராது என்று நம்பும் இயேசுவும் ஒரே வீட்டில். நகைச்சுவைக்குக் கேட்கவா வேண்டும்!

கதைச் சுருக்கம் வெளியானதுமே எதிர்ப்பு மனு கிளம்பி இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளைப் பெற்றது. கடவுளை இப்படிச் சித்தரிப்பது விசுவாசிகளை நோகடித்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் முதல் இதழே அப்போது கடைக்கு வரவில்லை. படித்திருந்தால், கதையில் அதிகம் கேலிக்குள்ளாவது இயேசு அல்ல, எல்லாவற்றையும் பலத்தால் தீர்க்கலாம் என்ற சூப்பர் ஹீரோ நம்பிக்கைதான் என்பது தெரிந்திருக்கும்.

பிப்ரவரியில் டிசி தொடரைக் கைவிட்டது. ஆனால் இம்முறை முடிவு வேறு. ரஸ்ஸல் கேட்டுக்கொண்டபடி உரிமை படைப்பாளிகளிடமே திரும்பியது. அஹோய் காமிக்ஸ் என்ற சிறு பதிப்பகம் அதே ஆண்டு ஜூலையில் முதல் இதழை வெளியிட்டது. அதற்குப் பின் இன்னும் இரண்டு தொடர்களும் வந்தன.

1989-ல் வீச்சால் இது ஏன் முடியவில்லை? ஸ்வாம்ப் திங் டிசியின் சொத்து. அந்தக் கதையை அவர் வேறெங்கும் எடுத்துச் செல்ல முடியாது. இரண்டு முறையும் பயம் ஒன்றுதான், பதிப்பாளர் ஒருவர்தான். மாறியது உரிமை மட்டுமே. ஒரு கதை பிழைக்குமா என்பதைக் கோபத்தின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. அது யார் கையில் இருக்கிறது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.