கற்றாழை வந்த வழி

நல்லூர்த் தேர்த்திருவிழாவிலே மேலாடையின்றிப் பிரதட்டை செய்யும் அடியார்களின் முதுகை வெயில் எவ்வாறு சுடும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. வீடு திரும்பியதும் வேலியோரத்துக் கற்றாழை மடலை வெட்டி, உள்ளிருக்கும் சோற்றை எடுத்துச் சிவந்த தோலிற் பூசுதல் நம் அன்னையரின் கைவைத்தியம். சந்தனத்தை உரைத்துப் பூசுவாரும், வெட்டிவேர் ஊறிய நீரால் உடம்பை நனைப்பாரும் உளர்.

கற்றாழை இம்மண்ணிலே தோன்றியது என்றே நம்முட் பலர் எண்ணுகின்றோம். அதன் சரித்திரம் வேறு. தாவர நூலார் அதன் பிறப்பிடம் அரேபியத் தீபகற்பம் என்பர். கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல் வழிக் குறிப்பொன்று, தென் அரேபியாவின் கானே துறையிலிருந்து சாம்பிராணியோடு கற்றாழைச் சரக்கும் ஏற்றுமதியானதைக் கூறுகிறது. கற்றாழைச் சரக்கென்றால் மடலன்று. மடலில் வடியும் மஞ்சட் பாலை இறுக்கி உலர்த்திய கரியபோளம். நாட்டு மருந்துக் கடையில் அதற்கு மூசாம்பரம் என்றும் பெயர். 'முசப்பர்' என்னும் அரபுச் சொல்லின் சாயல் அதிலே தெரிகிறதன்றோ? அதே நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க வைத்தியர் தியோஸ்கோரிடிஸ், கற்றாழை இந்தியாவில் மிகுதியாக வளர்வதாக எழுதியிருக்கிறார். பிடுங்கி வைத்தாலும் பல நாள் வாடாத செடிக்குக் கடற்பயணம் பெரிதன்று.

பிற்காலத்தில் மேனாட்டார் அதனை மேற்கிந்தியத் தீவுகளிற் பயிரிட்டனர். 1768இல் இலண்டன் செல்சி மருந்துத் தோட்டத்தைக் காத்த பிலிப் மில்லர் அதற்கிட்ட பெயரில் பார்படோஸ் தீவு இடம்பெற்றது. குடியேறிய ஊரைப் பிறந்த ஊராக்கிய வேடிக்கை இது!

ஆகவே, 'எல்லாம் எங்கள் மண்ணின் மூலிகை' என்று மார்தட்டும் இளைஞரோடும், 'ஆச்சி வைத்தியம்' என்று இகழும் இளைஞரோடும் நாம் உடன்படுவதற்கில்லை. வந்த செடியை ஆளத் தெரிந்ததே நம் மூதாட்டியரின் கல்வி. வெட்டிய மடலைச் சாய்த்து வைத்து, மஞ்சட் பால் வடிந்தபின், சோற்றை ஏழுதரம் கழுவியே எடுப்பர். அந்தப் பால் தோலை உறுத்தும். கழுவிய சோறோ பெரும்பாலும் நீரேயாதலால் வெப்பத்தை வாங்கிக் குளிர்ச்சி தரும்.

இத்துடன் தேசிக்காய்ச் சாறு கலப்பாருமுளர். அது பெருந்தவறு. அச்சாறு பட்ட தோலில் மறுபடியும் வெயில் விழுமாயின் கொப்புளமெழும்; கருமை மாதக்கணக்காக நிற்கும். வெயிற் சூட்டினால் ஏற்கெனவே கொப்புளம் கண்டிருப்பின் அதனை உடைக்காது, பூச்செல்லாம் நிறுத்தி, வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.