கைப்பிடி அரிசியும் மூப்பர் கணக்கும்: கொள்ளிடத்தின் வடகரைக்கு வந்து சேர்ந்த ஒரு சபை மரபு

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் கிறிஸ்தவச் சபை வாழ்வைப் பற்றி எழுத வருபவர் ஏலாக்குறிச்சியைத் தொடாமல் போக முடியாது. 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், தஞ்சை மராட்டியர் ஆட்சியில் நெருக்கடிக்கு ஆளான கத்தோலிக்கக் குடும்பங்கள் கொள்ளிடத்தைக் கடந்து அரியலூர் மழவராயர்களின் நிலத்தில் புகலிடம் தேடின. இயேசு சபைக் குருவான வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா ஆலயத்தை எழுப்பினார். 1726-இல் முடிந்த தேம்பாவணியின் ஆசிரியராகவே இலக்கிய வரலாறு அவரை நினைக்கிறது. அகதிகளாக வந்தவர்களுக்குக் குடியிருக்க இடமும் பாளையக்காரரின் ஆதரவும் கிடைக்கச் செய்ததும் அவர் பணிதான். ஆனால் அந்த ஆதரவு மேலிருந்து வந்தது. பாளையக்காரர் மனம் இரங்க வேண்டும், குரு எடுத்துச் சொல்ல வேண்டும். சபையார் பெற்றுக்கொள்பவர்களாகவே இருந்தார்கள்.

சபையாரே சேர்த்து, சபையாரே தீர்மானித்து, சபையார் முன்பாகவே கணக்கு ஒப்புவிக்கும் முறை தமிழ்நாட்டுக்கு வேறு வழியாக வந்தது. அந்த வழிகளில் முதன்மையானது, மூப்பர்கள் கூடிச் சபையை நடத்தும் பிரஸ்பிட்டேரியன் மரபு என்பது இக்கட்டுரையின் வாதம். பெரம்பலூர், அரியலூர் வட்டாரச் சீர்திருத்தச் சபைகள் பல ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் வேர்களிலிருந்து வந்தவை. அவற்றுக்கும் இந்த மரபில் பங்கு கிடைத்தது 1947-இல், தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது.

இந்த மரபு வேரூன்றிய ஸ்காட்லாந்தில், 1560-இன் சமயச் சீர்திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு சபையிலும் மூப்பர்கள் கூடிய அவை இருந்தது. ஆயர் அதற்குத் தலைமை தாங்குவார், முடிவு அவையுடையது. ஊர் ஏழைகளைப் பராமரிக்கும் பொறுப்பு 1845-இல் அரசுச் சட்டம் வரும்வரை பெரும்பாலும் அந்த அவைகளிடமே இருந்தது. கிளாஸ்கோவின் செயின்ட் ஜான்ஸ் சபையில் தாமஸ் சால்மர்ஸ் 1819-இல் இதை மேலும் கூர்மையாக்கினார். பகுதிக்கு ஓர் உதவிக்காரர்; அவர் வீடு வீடாகப் போய்ப் பார்த்து, முதலில் உறவினரையும் அக்கம்பக்கத்தாரையும் உதவத் தூண்டி, அதற்கு மேல் தேவையிருந்தால்தான் சபைப் பணத்தைத் தொடுவார். கறாரான முறைதான். ஆனால் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பதை அவர் அறிந்திருந்தார். 1843-இல் அரசுச் சபையை விட்டு வெளியேறியவர்கள் சுதந்திரச் சபையைத் தொடங்கியபோது, ஆயர்களின் சம்பளத்துக்கு சால்மர்ஸ் கண்ட வழி, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி. சால்மர்ஸின் மாணவர் அலெக்சாண்டர் டஃப் 1830-இல் கல்கத்தாவுக்கு வந்தார். அவர் வழியைப் பின்பற்றி ஜான் ஆண்டர்சன் 1837-இல் சென்னையில் பள்ளி தொடங்கினார். பின்னாளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியானது அதுவே.

பள்ளியைவிடக் கிராமத்தில்தான் இந்த மரபு உண்மையான சோதனையைச் சந்தித்தது. வட ஆற்காட்டில் ஸ்கடர் குடும்பத்தார் அமெரிக்கச் சீர்திருத்தச் சபையின் சார்பில் 1853-இல் ஆற்காடு மிஷனை நிறுவினார்கள். அதுவும் மூப்பர் ஆட்சி முறையே. 1860-கள் தொடங்கிச் சேரி மக்கள் குடும்பம் குடும்பமாக அதில் சேர்ந்தார்கள். 1876–78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பின் தமிழ்நாடெங்கும் அந்த அலை பெருகியது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் குடியிருந்த மனைகூடச் சொந்தமில்லாத பண்ணையாட்கள். சபையில் சேர்ந்த செய்தி மிராசுதாரின் காதுக்கு எட்டினால் வேலை நிற்கும். மனையைக் காலி செய்யச் சொல்வார்கள். திருட்டு வழக்கும் வரலாம். இந்நிலையில் பரஸ்பர உதவி என்பது சாட்சி சொல்ல ஆள் நிற்பதும், வேலை போனவன் வீட்டுக்கு நெல் அனுப்புவதும்தான்.

செங்கல்பட்டில் சுதந்திரச் சபை மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ இந்தத் துன்பங்களை அரசின் முன் இடைவிடாமல் வைத்தார். கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையும், 1892 செப்டம்பர் 30-இன் அரசாணையும், அதிலிருந்து பிறந்த பஞ்சமி நிலங்களும் இந்தச் சூழலில் உருவானவை. செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள மெல்ரோசாபுரம் ஆண்ட்ரூ அமைத்த குடியேற்றம். நிலம் கேட்டு நின்ற சபை வெறும் ஜெபக்கூட்டம் அல்ல என்பதை நம் சபை வரலாற்று நூல்கள் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

இந்த மரபுக்குள் ஒரு வேதனையும் உண்டு. சாதி வாசலில் நின்றுவிடவில்லை. 1850-இல் சென்னை மிஷனரி மாநாடு சாதிக்கு எதிராகக் கடுமையான தீர்மானம் எடுத்தது; பிரஸ்பிட்டேரியன் மிஷனரிகள் அதன் பக்கம் நின்றார்கள். ஆயினும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடத் தயங்கியவர்கள் எல்லா மிஷன்களிலும் இருந்தார்கள். ஒரே பந்தியில் உட்காராதவர்களுக்குள் உதவி இருக்கலாம், ஐக்கியம் இருக்க முடியாது.

1901-இல் ஸ்காட்டிஷ் மிஷனின் சபைகளும் ஆற்காடு மிஷனின் சபைகளும் ஒன்றாயின. 1908-இல் காங்கிரகேஷனல் சபைகளும் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை உருவானது. 1947 செப்டம்பர் 27-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளோடு இணைந்து அது தென்னிந்தியத் திருச்சபையாயிற்று. பேராயர் பதவி ஆங்கிலிக்கன் மரபிலிருந்து வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட சபையார் ஆயருடன் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் சேகரக் கமிட்டியில் மூப்பர் அவையின் சாயல் தெளிவாகத் தெரிகிறது. திருச்சி-தஞ்சாவூர் திருமண்டலத்தின் வழியே பெரம்பலூர், அரியலூர் சபைகள் இந்தப் பொதுச் சொத்தில் பங்காளிகளாயின.

அந்தச் சொத்தைக் கண்ணால் காண வேண்டுமானால் அறுப்பின் பண்டிகைக்குப் போக வேண்டும். இந்த மாவட்டங்களில் விளைவது மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். பலிபீடத்தின் முன் குவிவதும் பெரும்பாலும் அவைதான். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு பூசணிக்காய் சந்தை விலையைப் போலப் பல மடங்குக்குப் போகும். எடுத்தவரே அதை மறுபடி ஏலத்துக்குக் கொடுப்பார். கமிட்டிக்காரர் ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் பெயரையும் தொகையையும் எழுதிக்கொண்டே இருப்பார். ஆண்டு முழுவதும் நடப்பது இதைவிடச் சிறியது, இதைவிட உறுதியானது. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவரும் பிடியரிசிக் காணிக்கை பெண்களின் கையில் வளர்ந்தது. மிசோரத்தின் பிரஸ்பிட்டேரியன் பெண்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே முறையைக் கைக்கொண்டு, ஒரு திருச்சபையையே தன் காலில் நிற்க வைத்தார்கள். சால்மர்ஸின் வாரப் பென்னிக்கும் இந்தப் பிடி அரிசிக்கும் கணக்கு ஒன்றே. இல்லாதவரும் கொடுப்பவராக நிற்க முடியும். கொடுத்தவருக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் உண்டு. ஏலாக்குறிச்சி அகதிக்கு இல்லாத உரிமை அது.

அரிசி கொண்டுவந்த பெண்கள் நெடுங்காலம் கமிட்டியில் இல்லை. கணக்கெழுதிய ஆண்களின் கையெழுத்தே ஏடுகளில் நிற்கிறது. இந்த வரலாற்றை எழுதுகிறவர் அந்தக் குறையை மறைக்கக் கூடாது.

இவற்றுக்கெல்லாம் சான்று பழைய சேகர ஏடுகளே: ஞானஸ்நானப் பதிவேடு, கமிட்டி நடவடிக்கைப் புத்தகம், ஏலக் கணக்கு, விதவைகளுக்குக் கொடுத்த அரிசியின் குறிப்பு. கறையானுக்கும் மழைக்கும் தப்பி அவை கோயில் அலமாரிகளில் நெடுங்காலம் இருக்கப் போவதில்லை. பெரம்பலூர், அரியலூர் சேகரங்களின் ஆயர்களும் கமிட்டியாரும் அந்த ஏடுகளைப் படமெடுத்து ஒரு பிரதியைப் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த ஆண்டே தொடங்குங்கள்.