பைக்குள் இருந்த கேள்வி: சென்னை முதல் சாத்தூர் வரை எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனை

விருதுநகர் மாவட்டத்து எம்.ரெட்டியபட்டி போன்ற கரிசல் ஊரில் கர்ப்பிணிக்கு "ரத்தம் கம்மி" என்று நர்சம்மா சொன்னால், முதலில் முருங்கைக்கீரையும் இரும்புச்சத்து மாத்திரையும்தான். அதற்கும் ஏறாவிட்டால் அருப்புக்கோட்டைக்கோ மதுரைக்கோ பஸ் ஏற வேண்டும். அங்கே தொங்கவிடப்படும் ரத்தப்பையில் எச்.ஐ.வி. இல்லை என்று ஒட்டிய சீட்டை நம்பித்தான் கையை நீட்டுகிறார்கள். அந்தச் சீட்டு எப்படி வந்தது, 2018இல் இதே விருதுநகர் மாவட்டத்தில் அது எங்கே பொய்த்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொடக்கம் சென்னையில். அமெரிக்காவில் 1981இல் எய்ட்ஸ் பதிவானபோது, அது மேலைநாட்டு நோய் என்றே இங்கு பலரும் எண்ணினர். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் அப்படி எண்ணவில்லை. அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் ரத்தம் சேகரித்தார். பிரித்தெடுத்த சீரத்தை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் காத்தார். சென்னையில் எலிசா எனும் எச்.ஐ.வி. ரத்தச் சோதனை வசதி இல்லாததால் 1986 பிப்ரவரியில், கணவருடன் இரவு ரயில் ஏறி வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். ஆறு மாதிரிகள், தொற்றின் அடையாளமாக, மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. அப்போதைய தமிழகச் சுகாதார அமைச்சர் எச்.வி.ஹண்டே அதைச் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

எச்.ஐ.வி. என்பது கிருமி, எய்ட்ஸ் அதன் முற்றிய நிலை. சி.டி.4 எனும் வெள்ளணுக்களைக் கிருமி அழித்துக்கொண்டே வர, காசநோய் போன்றவை எளிதில் பற்றிக்கொள்கின்றன. பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள ரத்தம், பலர் பகிரும் ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்குக் கடத்தல் ஆகியவையே அது பரவும் வழிகள். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ கொசுக்கடியாலோ அது தொற்றாது.

தானமாகப் பெறும் ரத்தத்துக்கு 1989இல் எச்.ஐ.வி. சோதனை கட்டாயமானது. காசுக்கு ரத்தம் விற்கும் வழக்கத்துக்கு, உச்சநீதிமன்றத்தின் 1996 தீர்ப்பையொட்டி 1998 ஜனவரி முதல் தடை வந்தது. ஆனாலும் ஓர் இடைவெளி உண்டு. கிருமி புகுந்த முதல் சில வாரங்களில், சிலருக்கு மூன்று மாதம் வரை, எதிர்ப்பொருள் சோதனையில் அது அகப்படாது.

சாத்தூரில் நடந்ததற்கு இந்த இடைவெளியைக் காரணம் காட்ட முடியாது.

2018 டிசம்பரில், ரத்தசோகையுடன் வந்த ஒரு கர்ப்பிணிக்குச் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த பை அது. கொடுத்த இளைஞருக்கு 2016இல் தானம் செய்தபோதே தொற்று கண்டறியப்பட்டிருந்தது. ஆனால் அந்தத் தகவல் அவரைச் சேரவில்லை. விஷயம் தெரியாமல் உறவினருக்காக மறுபடியும் ரத்தம் கொடுத்தார். வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில்தான் தனக்குத் தொற்றிருப்பது அவருக்குத் தெரிந்தது. உடனே மருத்துவமனைக்குச் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏறிவிட்டிருந்தது. மாதம் முடிவதற்குள் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஆக, தவறு இரண்டு இடத்தில். இரண்டாம் முறை பையைச் சரியாகச் சோதிக்காதது ஒன்று. அது வெளியே தெரிந்தது, ஊழியர்கள் மீது நடவடிக்கையும் வந்தது. முதல் முறை கிடைத்த முடிவை உரியவரிடம் சேர்க்காதது மற்றொன்று. அப்போதே சொல்லியிருந்தால் அவர் அடுத்த முறை கை நீட்டியிருக்க மாட்டார். தமக்கான சிகிச்சையையும் தொடங்கியிருப்பார்.

ஏனெனில் சிகிச்சை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. 2004 ஏப்ரலில் தாம்பரம் அரசு மருத்துவமனை உள்ளிட்ட சில இடங்களில் தொடங்கிய, எச்.ஐ.வி.க்கான இலவசக் கூட்டுமருந்து, பின்னர் மாவட்டங்களுக்கும் வந்தது. தினமும் தவறாமல் விழுங்கினால் ரத்தத்தில் கிருமி அளவு அளவிட முடியாதபடி குறையும். அந்நிலையில் உடலுறவு மூலம் பிறருக்கும் பரவாது. நம்பிக்கை மையங்கள் எனும் எச்.ஐ.வி. பரிசோதனை மையங்களில் சோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசகர் அமர்ந்து பேசுவதும், முடிவு உரியவரைச் சேர்ந்து சிகிச்சை தொடங்குவதற்காகத்தான். தாய்க்கு மருந்து கொடுக்காவிட்டால் 15 முதல் 45 விழுக்காடு குழந்தைகளுக்குத் தொற்றலாம். கொடுத்தால் அது 5 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும்.

சாத்தூர்ப் பெண்ணுக்கும் அந்த மருந்து உடனே தொடங்கப்பட்டது. 2019 ஜனவரியில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குத் தொற்று இல்லை என்று சோதனை சொன்னது. அதே ஆண்டு ஜூலையில், தாய்க்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது.