ஒலியே விளக்காக

பால் பொங்குவதும், கடிகார முள் நகர்வதும், குவளை நிரம்புவதும் பார்வையுடையோர்க்குக் கண்ணாலேயே தெரிகின்றன. பார்வையற்றோர்க்கோ செவியும் கையுமே துணை. ஆகவே, ஒலியால் செய்தி சொல்லும் வீட்டுக் கருவிகளின் வரலாறு, அவர்கள் பிறர் கையை எதிர்பாராது வாழ முற்பட்ட வரலாறே எனலாம்.

ஒலியால் காலம் அறிவித்தல் தமிழர்க்குப் புதிதன்று. நீர்க்கன்னலால் நாழிகையை அளந்து, பாசறையில் இருந்த அரசனுக்கு வாய்மொழியாக அறிவித்த நாழிகைக் கணக்கரை முல்லைப்பாட்டு காட்டுகிறது. பிற்காலத்தில், 1676ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் எட்வர்டு பார்லோ கடிகாரத்தில் ஓர் அமைப்பைச் சேர்த்தார். கயிற்றை இழுத்தால் அது அப்போதைய நேரத்தை மணியடித்துச் சொல்லும். மின்விளக்கு இல்லாத இரவுகளில் படுக்கையிலிருந்தே நேரம் அறிய அது உதவியது. இருளில் பார்வையுடையோர்க்காகப் பிறந்த கருவி, பகலிலும் பார்வையற்றோர்க்குப் பயன்பட்டது.

1877இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்ட எடிசன், மறு ஆண்டே அதன் பயன்களைப் பட்டியலிட்டபோது, பார்வையற்றோரிடம் பேசும் நூல்களையும் அதில் சேர்த்தார். அக்கனவு நனவாக அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. முதல் உலகப் போரில் 1916இல் பார்வை இழந்த இயன் பிரேசர் முன்னின்று முயன்றதன் பயனாக, 1935இல் பிரிட்டனில் பேசும் நூல்கள் வெளிவந்தன. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 25 நிமிடம் ஒலிக்கும் இசைத்தட்டுகள் அவை.

மலாயாவில் பார்வையற்றோர்க்கான கல்விப் பணி 1926இல் மலாக்காவில் ஆங்கிலிக்கன் திருச்சபை தொடங்கிய செயின்ட் நிக்கலஸ் இல்லத்தில் அரும்பியது. அவ்வில்லம் பின்னர்ப் பினாங்கிற்கு மாறியது. போர் ஓய்ந்தபின், 1948இல், ஜொகூர் பாருவில் இளவரசி எலிசபெத் பார்வையற்றோர் பள்ளி எழுந்தது. 1951இல் மலாயாப் பார்வையற்றோர் சங்கமும், 1953இல் கோலாலம்பூரில் கர்னி பயிற்சி நிலையமும் தோன்றின. பிரெயில் எழுத்தும் கைத்தொழிலும் பெற்ற மாணவர்க்கு வாழ்க்கையின் கதவு திறந்தது. எனினும், கற்ற ஒருவர் தம் வீட்டுச் சமையலறையில் கொதிநீரை ஊற்ற மற்றொருவரை அழைக்க வேண்டுமெனில், கல்வி தந்த விடுதலை வாசற்படியிலேயே நின்றுவிடுகிறது.

இக்குறையைப் போக்க முனைந்தது மின்னணுவியல். 1976இல் அமெரிக்காவின் டெலிசென்சரி நிறுவனம், விடையை வாய்விட்டுச் சொல்லும் கணிப்பானை வெளியிட்டது. அதன் சொற்கள் 24 மட்டுமே. அதே ஆண்டில் ரேமண்ட் கர்ஸ்வைல், அச்செழுத்தைப் படித்துக் காட்டும் பொறியை அறிமுகப்படுத்தினார். தொடர்ந்து பேசும் கடிகாரமும், எடைக் கருவியும், வெப்பமானியும் இல்லங்களை அடைந்தன. குவளையின் விளிம்பில் மாட்டும் சிறு கருவி இவற்றுள் எளியது. உள்ளே தொங்கும் உலோக முனைகளை நீர் தொட்டதும் மின்சுற்று நிறைவுற்று ஓசை எழும். தேநீரின் அளவறிய விரலைச் சுட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

இத்தகைய கருவிகளை வடிவமைப்போர் மறக்கலாகாத உண்மை ஒன்றுண்டு. பார்வையற்றவர்க்குச் செவியே வாயிற்காவலனும் ஆகும். எண்ணெய் காயும் ஓசையையும், நெருங்கும் காலடியையும் அவர் அதனாலேயே அறிகிறார். ஓயாது அலறும் கருவி அந்தக் காவலைக் குலைத்துவிடும். ஆகவே ஓசை சுருக்கமாக இருத்தல் வேண்டும். ஒவ்வொரு செய்திக்கும் வெவ்வேறு தொனி வேண்டும். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் வழி வேண்டும். தவறவிட்டதைத் திரும்பக் கேட்க ஒரு பொத்தான் வேண்டும்.

இன்றைய நிலையோ விந்தையானது. திருகும்போது சொடுக்கொலி எழுப்பிய குமிழ்கள் மறைந்து, வழுவழுப்பான கண்ணாடித் தகடுகள் அடுப்பிலும் சலவைப் பொறியிலும் இடம்பெற்று வருகின்றன. கைக்கு அடையாளமும் செவிக்குச் செய்தியும் இல்லாத தகடு, பார்வையற்றவரை மீண்டும் பிறர் தயவுக்குத் தள்ளுகிறது. அறிவியல் முன்னேறும்போதே அவர்தம் உரிமை பின்னடையலாமா?

பார்லோவின் கடிகாரம் அனைவருக்குமாக ஒலித்தது. ஒலியைப் பின்னர்ச் சேர்க்கும் சலுகையாகக் கருதாது, தொடக்கத்திலேயே கருவியின் உறுப்பாக அமைப்பதே அதன் வரலாறு புகட்டும் பாடம். பார்வையற்ற பிள்ளைக்குப் பள்ளி எழுத்தறிவித்தது. அப்பிள்ளை தன் கையாலேயே ஒரு குவளைத் தேநீர் ஊற்றிப் பருகும் உரிமையைக் கருவி செய்வோர் வழங்குதல் வேண்டும்.