நான்கு மூலை வளையம்

குத்துச்சண்டை மேடைக்கு நான்கு மூலைகள் உண்டு. நான்கு பக்கமும் கயிறு. ஆனாலும் அதற்குப் பெயர் ‘ரிங்’, அதாவது வளையம்!

இந்தப் பெயர் மேடையைப் பார்த்து வைத்ததல்ல. கூட்டத்தைப் பார்த்து வைத்தது. பழைய இங்கிலாந்தில் உறையில்லாமல் வெறுங்கையால் மோதும் பந்தயச் சண்டைகள் திறந்தவெளியில் நடக்கும். கழைக்கூத்தாடியைச் சுற்றி நிற்பதுபோல ஜனங்கள் வட்டம் கட்டி நிற்பார்கள். சண்டை சூடுபிடித்தால் பின்னால் நிற்பவன் முன்னால் நிற்பவனைத் தள்ளுவான், வட்டம் சுருங்கும். இந்தத் தொல்லைக்கு மருந்துதான் கம்பும் கயிறும். நான்கு கம்பு நட்டுக் கயிறு கட்டினால் வட்டமா வரும்? சதுரம்தான் வரும்.

1838-இல் வந்த லண்டன் பந்தய விதிகள் 24 அடிச் சதுரம் என்றே எழுதிவைத்தன. வடிவம் மாறியது, பெயர் மட்டும் அசையவில்லை. கையுறையைக் கட்டாயமாக்கிய 1867-ஆம் ஆண்டின் குயின்ஸ்பெரி விதிகளிலும் ‘ரிங்’தான்.

1922-இல் நாட் ஃபிளெய்ஷர் தொடங்கிய குத்துச்சண்டைப் பத்திரிகையின் பெயரும் ‘தி ரிங்’. எடைப்பிரிவு வாரியாகத் தரவரிசை வெளியிட்டு, தானே சாம்பியன் பெல்ட்டும் வழங்கியது. இன்று நான்கு பெரிய அமைப்புகள் ஒரே எடைக்கு நான்கு சாம்பியன்களை நிறுத்தும்போதும், ‘தி ரிங்’ யாரைச் சொல்கிறது என்று கேட்கும் ரசிகர்கள் உண்டு.

சண்டைக்குத் தயார் என்பவன் தன் தொப்பியை ரிங்குக்குள் வீசுவதும் பழைய வழக்கம். 1912-இல் அமெரிக்க அதிபர் தேர்தலில் மீண்டும் இறங்கியபோது தியோடர் ரூஸ்வெல்ட் அந்த வழக்கத்தைத்தான் உவமையாகச் சொன்னார். தமிழ்ப் பத்திரிகைகளில் வேட்பாளர்கள் தொப்பி வீசுவதில்லை. மல்யுத்தக்காரர்களின் ‘கோதா’வில் குதிக்கிறார்கள்.